விரலில் 97, அறையில் 2,640

அப்பாவின் விரலில் மாட்டிய, இரத்தத்தில் ஒட்சிசன் அளக்கும் கருவி 97 சதவீதம் என்று காட்டியபோது வீட்டில் எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். அன்று மாலை வரை அது 86ஐத் தாண்ட மறுத்தது. ரொறன்ரோவிலிருந்து வீடியோ அழைப்பில் இருந்த தம்பி, "அக்கா, இன்னும் கொஞ்சம் கூட்டிவிடுங்கள்" என்றான். ஒட்சிசன் இயந்திரத்தின் குமிழைத் திருகினேன். ஒரு லீற்றரில் இருந்தது மூன்றாகி, பிறகு ஐந்தாகியது. கண்ணாடிக் குழாய்க்குள் சிறு உருண்டை மேலே ஏற ஏற விரலில் எண்ணும் ஏறியது. 90. 94. 97. இரண்டு இரவுகளாகக் கண்ணை மூடாத மனிதர் அன்று குறட்டை விட்டுத் தூங்கினார். தலை இடிக்கிறது என்று படுக்கும்போது சொன்னதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

காலை ஐந்தரைக்குத் தேநீர் கொண்டுபோய் எழுப்பினேன். பாதிக் கண் திறந்து, "பிள்ளை, வண்டி அனுராதபுரம் தாண்டிவிட்டதா?" என்று கேட்டுவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றுப் பதினாறு வருடமாகிறது. கையைப் பிடித்தேன். வழக்கமாகக் குளிர்ந்திருக்கும் கை, சூடாகச் சிவந்து கிடந்தது. விரலில் அதே 97.

1990 என்ற அவசர எண்ணுக்கு அழைத்தோம். சுவசெரிய அம்பியுலன்ஸ் வந்துவிட்டது. கொழும்புக் காலி வீதியின் காலை நெரிசல் தொடங்குவதற்கு முன்பே வைத்தியசாலைக்குப் போய்விட்டோம். அவசரப் பிரிவில் இருந்த இளம் வைத்தியர், அப்பாவைக் கைகளை முன்னே நீட்டி, மணிக்கட்டைப் பின்னால் வளைத்துப் பிடிக்கச் சொன்னார். போக்குவரத்துப் பொலிஸ்காரர் வண்டியை நிறுத்துவதுபோல. இரண்டு கைகளும் ஈரச் சிறகு போலத் தொய்ந்து தொய்ந்து விழுந்தன. அவர் முதலில் செய்த வேலை, ஒட்சிசனைக் குறைத்தது. நான் பதறிப்போனேன். "அம்மா, ஒட்சிசனும் மருந்துதான். மருந்துக்கு அளவு உண்டு" என்றார், சிங்களச் சாயல் கலந்த தமிழில்.

மணிக்கட்டு நாடியிலிருந்து எடுத்த இரத்தத்தின் முடிவு கால் மணி நேரத்தில் வந்தது. காபனீரொட்சைட்டு, அதாவது கரியமில வாயு, 82. ஆரோக்கியமான ஒருவருக்கு அது 35க்கும் 45க்கும் இடையில் இருக்கும், மில்லிமீற்றர் இரசக் கணக்கில். 7.4இல் நிற்க வேண்டிய பீ.எச். 7.24. இரத்தம் அமிலமாகிக்கொண்டிருந்தது. நாங்கள் ஒட்சிசன் எண்ணைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்த எட்டு மணி நேரமும் அப்பா தன்னுடைய கரியமில வாயுவிலேயே மூழ்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

இதில் வெட்கப்பட வேண்டியவள் நான். வெள்ளவத்தையில் பதினெட்டு வருடங்களாக உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். சுவாசச் சீராக்கம் என் கைக்குள் இருக்கும் பாடம். நீள்வளைய மையவிழையம் என்ற பெயரைப் பிழையில்லாமல் எழுதவைப்பதற்கே ஒரு முழு வகுப்பைச் செலவழித்திருக்கிறேன். அந்தப் பாடம் என் வீட்டுக் கட்டிலில் படுத்திருந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

வகுப்பில் நான் செய்துகாட்டும் வேடிக்கை ஒன்று உண்டு. ஒரு பிள்ளையின் விரலில் இதே கருவியை மாட்டி மூச்சை அடக்கச் சொல்வேன். நாற்பது விநாடியில் முகம் சிவக்கும், நெஞ்சு துடிக்கும், இனி முடியாது என்று வாயைத் திறந்துவிடுவான். அந்த நேரத்திலும் விரலில் 97, 98 என்றுதான் இருக்கும். ஒட்சிசன் இன்னும் தீரவில்லை. மூச்சுவிடச் சொல்லி நெருக்கியது உள்ளே சேர்ந்த காபனீரொட்சைட்டு. அது இரத்தத்திலிருந்து மூளைப் பாய்பொருளுக்குள் சுலபமாகக் கசிந்து, நீருடன் சேர்ந்து அமிலமாகும். மூளைத் தண்டில் இருக்கும் உணரிகள் அந்த அமிலத்தைக் கண்டதும் மணி அடிக்கும். மூச்சின் வேகத்தைச் சாதாரண நேரத்தில் தீர்மானிப்பது ஒட்சிசன் அல்ல, காபனீரொட்சைட்டு என்று 1905இல் காட்டியவர்கள் பிரித்தானிய உடலியல் ஆய்வாளர்கள் ஜே.எஸ். ஹால்டேனும் பிரீஸ்ட்லியும். ஹால்டேன் தன்னையே மூடிய பெட்டிக்குள் அடைத்துக்கொண்டு கெட்ட காற்றைச் சுவாசித்துப் பார்த்த மனிதர். அவருடைய மகன் ஜே.பி.எஸ். ஹால்டேன்தான் பிற்காலத்தில் இந்தியாவில் குடியேறி, 1964இல் புவனேஸ்வரத்தில் காலமானவர். பரீட்சைக்கு வராது, ஆனாலும் சொல்லுவேன்.

இந்த வேடிக்கையில் நான் கண்டிப்பாகத் தடுக்கும் ஒன்றும் இருக்கிறது. பையன்கள் சிலர், முதலில் வேகவேகமாக இருபது முப்பது முறை மூச்சு வாங்கிவிட்டு அடக்கினால் அதிக நேரம் தாங்கலாம் என்று கண்டுபிடிப்பார்கள். தாங்கலாம்தான். மணி அடிக்கும் வாயுவை முன்கூட்டியே துரத்திவிட்டதனால், ஒட்சிசன் தீர்ந்த பிறகும் மணி அடிக்காது. இதை நீச்சல் தடாகத்தில் செய்கிறவன் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நீருக்கு அடியில் மயங்கிவிடுவான். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள்.

அப்பாவுக்கு வருவோம். நாற்பது வருடம் சுருட்டுப் பிடித்தவர். அவருக்கு இருப்பது நாட்பட்ட சுவாச அடைப்பு நோய். இப்படிப்பட்டவர்களுக்கு ஒட்சிசனை அள்ளிக் கொடுத்தால் மூச்சுவிடும் உந்துதல் குறைந்துவிடும் என்று மட்டும்தான் நான் படிப்பித்துவந்தேன். அது கதையின் சிறிய பகுதி என்பதை அந்த வைத்தியர் வார்டு வாசலில் நின்று விளக்கினார். பழுதான நுரையீரலில் காற்றுப் போகாத சிற்றறைகள் நிறைய இருக்கும். உடம்பு புத்திசாலித்தனமாக அந்தப் பகுதிக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, நல்ல பகுதிக்கு இரத்தத்தைத் திருப்பிவிட்டிருக்கும். ஒட்சிசனைக் கூட்டியதும் சுருங்கிய குழாய்கள் விரிகின்றன. இரத்தம் வேலை நடக்காத பகுதிகளுக்கும் போய், கொண்டுபோன காபனீரொட்சைட்டை இறக்காமலே திரும்பி வருகிறது. இன்னொன்று, ஒட்சிசன் நிரம்பிய ஈமோகுளோபின் காபனீரொட்சைட்டைச் சுமக்க விரும்பாது, கைவிடும். இதற்கும் ஹால்டேன் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். விரலில் மாட்டும் கருவிக்கு இது எதுவும் தெரியாது. அது சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் செலுத்தி, ஈமோகுளோபினில் எவ்வளவு ஒட்சிசன் ஏறியிருக்கிறது என்று மட்டும் பார்க்கும். உள்ளே வந்ததைச் சொல்லும். வெளியே போகாததைச் சொல்லாது.

மூக்கையும் வாயையும் மூடும் முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தள்ளும் இயந்திரத்தில் இரண்டு இரவுகள். மூன்றாம் நாள் அப்பா தேநீரில் சீனி போதாது என்று குறை சொன்னபோது எனக்கு உயிர் வந்தது.

இப்போது எங்கள் ஒட்சிசன் இயந்திரத்தின் மேல் ஒரு கடதாசி ஒட்டியிருக்கிறது: 88 – 92. அதற்கு மேல் போனாலும் குறைக்க வேண்டும், கீழே போனாலும் கவனிக்க வேண்டும். இது அப்பா போன்றவர்களுக்கான இலக்கு. நிமோனியா வந்த இளைஞன் ஒருவனுக்கு 88 என்பது ஆபத்து. ஆகவே யாருடைய வீட்டில் ஒட்சிசன் இயந்திரம் இருக்கிறதோ, அவர்கள் தங்கள் நோயாளிக்கு உரிய எண்ணை வைத்தியரிடம் கேட்டு, எழுதி, இயந்திரத்திலேயே ஒட்டிவையுங்கள். வெளிநாட்டிலிருந்து யார் என்ன சொன்னாலும் அந்தக் கடதாசியைப் பாருங்கள். காலையில் தலைவலி, பகலில் வழக்கத்துக்கு மாறான தூக்கம், பேச்சில் தடுமாற்றம், சூடான சிவந்த கை, தொய்ந்து விழும் விரல்கள்: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விரல் எண்ணை நம்பி இருந்துவிடாதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குள் இருந்த ரீச்சர் விழித்தாள். எங்கள் தொடர்மாடி வீட்டில் ஏ.சி. உள்ள அறை ஒன்றுதான். மின்கட்டணத்துக்குப் பயந்து அப்பா, என் மகன், நான் மூவரும் அந்த அறையில்தான் படுப்போம், கணவர் கட்டாரில். அப்பாவுக்கு முற்றியது, மகன் வகுப்பிலிருந்து கொண்டுவந்த தடிமன். எனக்கோ பல மாதங்களாகக் காலையில் தலை கனத்துக்கொண்டு எழும்பும் வியாதி. கண்ணாடி மாற்றினேன், தலையணை மாற்றினேன். ஒன்று மட்டும் நினைவுக்கு வந்தது: 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நின்ற அந்த நாட்களில், யன்னலைத் திறந்துவைத்து, நுளம்பு வலைக்குள் வியர்வையில் ஊறிக் கிடந்தோம். தூக்கம் கெட்டது. ஆனால் தலை கனக்கவில்லை.

புறக்கோட்டையில், காற்றின் மில்லியன் பங்கில் காபனீரொட்சைட்டு எத்தனை பங்கு என்று காட்டும் கருவி ஒன்று வாங்கினேன். மலிவு. முதல் நாளே 1,900 என்று காட்டிப் பயமுறுத்தியது. அன்று குசினியில் செத்தல் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தேன். சந்தேகப்பட்டு, அதன் முன்னால் ஓடிக்கொலோன் இரண்டு சொட்டுத் தெளித்தேன், 3,000ஐத் தாண்டியது. வாசனைத் திரவியத்தில் ஏது காபனீரொட்சைட்டு? இப்படிப்பட்ட கருவிகள் காற்றில் உள்ள வேறு ஆவிகளை மணந்து, அதிலிருந்து காபனீரொட்சைட்டை ஊகித்து ஒரு எண்ணைப் போடுகின்றன. குப்பையில் போட்டேன். பிறகு தம்பி அனுப்பிய கருவி அகச்சிவப்பு ஒளியால் அளப்பது. வாங்குகிறவர்கள் பெட்டியில் இதைத்தான் பார்க்க வேண்டும். வந்ததும் கடற்பக்க பல்கனியில் கால் மணி நேரம் வைத்தேன். 425. வெளிக்காற்றில் இன்று மில்லியனுக்கு 420 பங்குக்குச் சற்று மேல் இருக்கிறது. ஆகவே கருவி உண்மை பேசுகிறது. பல கருவிகள், சில நாட்களில் தாம் கண்ட ஆகக் குறைந்த அளவை வெளிக்காற்று என்று எடுத்துக்கொண்டு தம்மைத் தாமே திருத்திக்கொள்ளும். எப்போதும் மூடிய அறையில் வைத்திருந்தால் பொய் சொல்லப் பழகிவிடும். வாரத்துக்கு ஒரு தடவை வெளியே காற்று வாங்கக் கூட்டிப்போக வேண்டும், வயதானவர்களைப் போல.

அன்றிரவு அதை அலுமாரிக்கு மேல், எங்கள் மூச்சு நேரே படாத இடத்தில் வைத்தேன். ஒன்பதரைக்குக் கதவை மூடும்போது 560. பதினொரு மணிக்கு 1,620. இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தேன், 2,400. விடிய ஐந்து மணிக்கு 2,640.

கணக்கும் ஒத்துவருகிறது. அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி, ஒன்பது அடி உயரம். ஏறத்தாழ முப்பதாயிரம் லீற்றர் காற்று. தூங்கும் ஒருவர் மணிக்குப் பன்னிரண்டு லீற்றர் அளவில் காபனீரொட்சைட்டை வெளியே விடுவார். மூன்று பேருக்கு முப்பத்தைந்து. ஒரு துளையும் இல்லாத அறையானால் ஒரு மணி நேரத்துக்கு ஆயிரத்துக்கு மேல் ஏறும். எங்கள் அறை கதவின் அடியில் கொஞ்சம் கசிவதால்தான் 2,640இல் நின்றது.

அடுத்த நாளே இந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் ஓடினேன், அப்பாவுக்கு வந்ததன் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்ட பெருமையோடு. அவர் சிரித்தார். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டிருக்கிறேன். 2,640 என்பது கால் சதவீதம்தான். நம் நுரையீரல் ஆழத்தில் எப்போதும் ஐந்து சதவீதத்துக்கு மேல் காபனீரொட்சைட்டு இருக்கிறது. அறைக்காற்று அப்பாவின் 82இல் சேர்த்திருக்கக்கூடியது ஒன்றோ இரண்டோ. தொழிலிடங்களில் எட்டு மணி நேரத்துக்கு அனுமதிக்கும் எல்லை அமெரிக்காவில் 5,000. மூச்சு வாங்கி, தலை வலித்து, நெஞ்சு படபடப்பது முப்பதாயிரம், நாற்பதாயிரத்தில். ஒரு லட்சம், அதாவது பத்து சதவீதம், சில நிமிடங்களில் நினைவிழக்கச் செய்யும். 1986 ஆகஸ்டில் கமரூனின் நியோஸ் ஏரி அடியிலிருந்து பொங்கிய காபனீரொட்சைட்டு, காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானதால் பள்ளத்தாக்குகளில் வழிந்தோடி, ஏறத்தாழ 1,700 பேரை ஒரே இரவில் கொன்றது. அதற்கும் என் படுக்கையறைக்கும் சம்பந்தம் இல்லை.

அப்படியானால் 2,640 எதைச் சொல்கிறது? நாங்கள் வெளியே விடும் மூச்சில் காபனீரொட்சைட்டு நான்கு சதவீதம், அதாவது நாற்பதாயிரம். வெளிக்காற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தால், அந்த அறையில் விடியற்காலை நான் எடுக்கும் பதினெட்டு மூச்சில் ஒரு மூச்சு யாரோ ஏற்கனவே விட்டது. அப்பா எடுத்த மூச்சில் மகனுடைய தடிமன் இருந்தது. 1858லேயே மியூனிக் நகரில் சுகாதார ஆய்வாளர் மக்ஸ் பொன் பெட்டன்கோபர் ஆயிரம் என்ற எல்லையை வைத்தபோது, காபனீரொட்சைட்டை நஞ்சாக அல்ல, மனிதர் விட்ட காற்று எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதற்கான சாட்சியாகவே பார்த்தார். அப்பா போன்ற நோயாளியை வைத்தியசாலைக்கு அனுப்புவது பெரும்பாலும் தொற்று. ஆகவே என் முடிச்சு தவறான இடத்தில் விழுந்திருந்தாலும், கயிறு உண்மையான கயிறுதான்.

மூளை மந்தமாவது பற்றி ஆய்வாளர்களிடையே இன்னும் சண்டை. 2012இல் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் 22 பேரை வைத்துச் செய்த ஆய்வு, 2,500இல் முடிவெடுக்கும் திறன் நன்றாகவே விழுகிறது என்றது. பின்னால் தூய காபனீரொட்சைட்டை மட்டும் சேர்த்துச் செய்த வேறு ஆய்வுகளில் அப்படி விழவில்லை. நீர்மூழ்கிக் கப்பல்காரர்கள் இதைவிடப் பல மடங்கில் தேறியிருக்கிறார்கள். மூடிய அறையில் காபனீரொட்சைட்டு தனியாக இருப்பதில்லையே. வெப்பம், ஈரம், வியர்வை நாற்றம், தளபாடங்களின் ஆவி எல்லாம் கூடவே ஏறுகின்றன. என் தலைவலியை யார் கொண்டுவந்தார்கள் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. காற்று மாறியதும் அது போய்விட்டது.

எல்லோரும் தவறாக நினைக்கும் ஒரு விஷயம்: ஏ.சி. வெளியிலிருந்து காற்றைக் கொண்டுவருவதில்லை. நம் வீடுகளில் சுவரில் தொங்கும் வகை, அறைக்குள் இருக்கும் அதே காற்றையே உறிஞ்சிக் குளிர்வித்து அதே அறைக்குள் விடுகிறது. வெளியே உள்ள பெட்டிக்கும் உள்ளே உள்ளதற்கும் இடையில் ஓடுவது குளிரூட்டி வாயுவும் வடியும் தண்ணீரும். வான் வண்டியிலும் காரிலும் உள்காற்றையே சுற்றவிடும் பொத்தான் உண்டு. கொள்ளுப்பிட்டி நெரிசலில் புகைக்குப் பயந்து அதை அழுத்திவிட்டு மறந்துவிடுவோம். மகன் போகும் பாடசாலை வானில் கருவியைக் கொடுத்துவிட்டேன். பன்னிரண்டு பிள்ளைகள், இருபது நிமிடம், 4,300. சாரதி அண்ணை தூக்கக் கலக்கத்துக்கு வெற்றிலை போடுவதாகச் சொன்னார். இப்போது புகை குறைந்த தெருவுக்குத் திரும்பியதும் பொத்தானை மாற்றிவிடுகிறார். வெற்றிலையை விடவில்லை.

அடுத்து என் வகுப்பு. அந்தக் கல்வி நிலையத்தின் பெயர் வேண்டாம். சோறு போடும் இடம். முதலாம் மாடி, எழுபது பிள்ளைகள், இரண்டு ஏ.சி., காலி வீதிப் பக்கம் எல்லா யன்னலும் ஆணி அடித்து மூடியிருக்கும். தொடங்கும்போது 700. ஒன்றரை மணி நேரத்தில் 3,900. பதினொரு மூச்சில் ஒன்று இரவல் மூச்சு. கடைசி வாங்கில் இருக்கிறவர்கள் வழக்கமாகத் தூங்கி விழும் அந்த நேரத்துக்கு இத்தனை வருடமும் அவர்களைத்தான் திட்டினேன்.

உரிமையாளரிடம் போனேன். யன்னலைத் திறந்தால் பஸ் ஹோர்னும் புகையும் வரும், ஏ.சி. கட்டணம் ஏறும் என்றார். இரண்டும் நியாயம். "ரீச்சர், இனிக் காற்றுக்கும் காசு வாங்கச் சொல்லுவீர்களா?" என்றும் கேட்டார். பின் சுவரில், ஒழுங்கைப் பக்கம், காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒன்று பூட்டவைத்தோம். அதற்கு எதிர்ச் சுவரில் கதவு நான்கு விரல் திறந்திருக்க வேண்டும். காற்று உள்ளே வர வழியில்லாமல் வெளியே தள்ளும் விசிறி சும்மா சத்தம்தான் போடும். நடுவில் பத்து நிமிட இடைவேளை, எல்லோரும் கீழே. இப்போது 1,500, 1,600க்குள் நிற்கிறது. தூங்குகிறவர்கள் இன்னும் தூங்குகிறார்கள், ஆனால் இரண்டு மூன்று பேர்தான். அது பாடத்தின் பிழையாக இருக்கலாம்.

அந்த மண்டபத்தில்தான் மாதிரிப் பரீட்சையின்போது ஒரு பிள்ளைக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. பயத்தில் வேகவேகமாக மூச்சு. "ரீச்சர், விரல் விறைக்கிறது" என்றாள். விரல்கள் கொக்கிபோல மடங்கின. இது காபனீரொட்சைட்டு குறைந்துபோவதால் வருவது. மூளைக்குப் போகும் குழாய்கள் சுருங்கித் தலை சுற்றும். யாரோ ஒருவர் கடதாசிப் பையை ஊதச் சொல்லிக் கொண்டு ஓடிவந்தார். வேண்டாம் என்றேன். உண்மையில் ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் அந்தப் பை ஒட்சிசனையும் பறித்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்து, என்னோடு சேர்ந்து நான்கு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே என்று விடவைத்தேன். பத்து நிமிடத்தில் விரல் நிமிர்ந்தது. நெஞ்சு வலி என்று சொல்லியிருந்தால் எண்ணிக்கொண்டிருந்திருக்க மாட்டேன், 1990தான்.

யன்னலைத் திற என்று சொல்வது எளிது. கொழும்பில் அதற்கு விலை உண்டு. திறந்தால் நுளம்பு, டெங்கு விளையாட்டு அல்ல. டிசம்பர், ஜனவரியில் வாடைக்காற்று இந்தியப் பக்கத்துத் தூசியைக் கொண்டுவந்து நகரத்தின் மேல் போர்த்தும்; அந்த நாட்களில் அப்பாவுக்குத் திறந்த யன்னலே எதிரி. அப்போது பகலில் மூடி, காற்றுத் தெளியும் நேரம் பார்த்துச் சிறிது நேரம் மட்டும் திறக்கிறோம். மற்ற மாதங்களில் கடற்பக்கம். "கச்சான் காற்று வரும் பக்கத்தைத் திற, பிள்ளை. வீதிப் பக்கத்தைப் பூட்டு" என்பார் அப்பா. கருவியும் அதையே சொல்கிறது.

மின்வெட்டு நாட்களில் திறந்த யன்னலுக்கு இன்னொரு ஆபத்து இருந்தது. கீழ்மாடிக்காரர் ஜெனரேட்டரைப் படிக்கட்டின் கீழ் வைத்து ஓட்டினார். அதிலிருந்து வருவது காபனோரொட்சைட்டு, பெயரில் மட்டும் சொந்தம். ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடிக்கும். மூச்சுவிடச் சொல்லி மணி அடிக்காது, மணமும் இல்லை. விரல் கருவி இதிலும் 97, 98 என்று பொய் சொல்லும். காபனோரொட்சைட்டு ஏறிய ஈமோகுளோபினையும் அது ஒட்சிசன் கணக்கில் சேர்த்துவிடும். காபனீரொட்சைட்டுக் கருவி இதைக் காட்டாது. அதற்குத் தனி எச்சரிக்கைக் கருவி வேண்டும். ஊரில் கிணறு இறைக்க எண்ணெய் மோட்டரைக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டு, பின்னால் இறங்கியவர்கள் திரும்பாத கதைகளை அப்பா சொல்வார். கிணற்றுக்குள் இறங்குமுன் அரிக்கன் லாம்பைக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். லாம்பு அணைந்தால் ஒட்சிசன் போதாது என்று தெரியும். லாம்பு எரிந்தால் காபனோரொட்சைட்டு இல்லை என்று அர்த்தம் அல்ல. ஒருவர் விழுந்தால் அவரைத் தூக்க இன்னொருவர் இறங்கக் கூடாது. கிணற்றில் இரண்டாவது ஆளாக இறந்தவர்கள் அநேகமாக அண்ணனோ தம்பியோதான்.

கேட்கிறவர்களுக்குச் சில பதில்கள். காற்றுச் சுத்திகரிப்பான் தூசியைப் பிடிக்கும், காபனீரொட்சைட்டைப் பிடிக்காது. அறைக்குள் செடி வைத்தால் போதாதா என்றால், ஒரு மனிதர் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ காபனீரொட்சைட்டை விடுகிறார். சாடியில் உள்ள மணிபிளாண்டுக்கு அது தலைக்கு மேல் பாரம், இரவில் அதுவும் மூச்சுதான் விடும். புளியமரத்தடியில் இரவில் படுத்தால் பேய் அமுக்கும் என்பதற்கு, மரம் விடும் கரியமில வாயுதான் காரணம் என்று நானே வகுப்பில் பெருமையாகச் சொல்லிவந்தேன். சென்ற விடுமுறைக்குச் சாவகச்சேரி போனபோது பெரியம்மா வீட்டுப் புளியமரத்தின் கீழ் இரவு பதினொரு மணிக்குக் கதிரை போட்டு, கருவியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். 470. என் படுக்கையறையில் இருந்ததில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பேயைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. பெரியம்மாதான் யன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அறையில் கடைசியாகச் செய்த வேலை இது. எங்கள் கட்டடம் பழையது. யன்னலுக்கு மேலே துளைக்கற்கள் இருந்தன. ஏ.சி. பூட்டியபோது குளிர் போகிறது என்று அவற்றைச் சீமெந்தால் அடைத்தவர்கள் நாங்களே. மேசன் ஒருவரைக் கூப்பிட்டு, கடற்பக்கம் இரண்டு துளையையும் எதிரே நடைப்பக்கம் இரண்டையும் உடைத்துத் திறக்கச் சொன்னேன். உள்பக்கம் நுளம்பு வலை. அடைக்கக் காசு கொடுத்தோம், திறக்கவும் காசு கொடுக்கிறோமே என்று அப்பா கணக்குப் பார்த்தார். ஏ.சி.யை 26 பாகையில் வைத்து, விசிறியைப் போட்டுப் படுக்கிறோம். விடியற்காலை 980.

மூன்று வாரத்துக்கு முன் எண் 1,150 ஆகியது. கருவி பிழையோ என்று பல்கனியில் வைத்துப் பார்த்தேன், பிழையில்லை. துளைகளில் ஒன்றுக்குள் வெளிப்பக்கத்தால் மைனா வைக்கோலும் பொலித்தீன் துண்டும் அடைத்து வைத்திருக்கிறது. காலையில் குஞ்சுச் சத்தம். மகன் கம்பியை எடுத்து வந்தான். அப்பா மூக்குக் குழாயோடு எழுந்து உட்கார்ந்து, "அவை பறக்கும் வரை கை வைக்கக் கூடாது" என்றார். விரலில் 91.